மெஷின் மென்ற கடிதம்

ஒபானாசாவா, பிப்ரவரி 9

அன்பு மகன் தோமோயாவுக்கு உன் அப்பன் கன்ஜி எழுதுவது. இங்கே நானும் பனி வாரும் மெஷினும் சுகம், இரண்டு பேருக்கும் காலையில் உயிர் வர நாலு இழுப்பு வேண்டியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. அங்கே ககோஷிமாவில் நீயும் மினாகோவும் சுகமா, உங்கள் எரிமலை இந்த வருஷமும் துணி காயப்போட விடாமல் சாம்பல் கொட்டுகிறதா. மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன், போன் செய்திருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் சும்மா இருக்காது, ஏதாவது கேலி செய்துவிடும். காகிதத்தில் என்றால் அடித்துவிட்டு எழுதலாம், மேலே இரண்டு இடத்தில் அடித்திருப்பதைப் பார், அதெல்லாம் அதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பெட்டி வந்தது. வந்ததா என்றால் வந்தது, கிடைத்ததா என்றால் பாதிதான். தபாலும் பார்சலும் கொண்டுவருகிற குராமொச்சி அம்மாள் போன குளிர்காலத்திலிருந்தே வாசல்வரை வருவதில்லை. நான் பிடித்துவைத்து டீ கொடுத்து ஒரு மணிநேரம் பேசுகிறேனாம், அவளுக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கியாம். அதனால் ரோட்டு ஓரத்தில் நம் சோபா நூடுல்ஸ் கடை போர்டுக் கம்பத்தடியில் பெட்டியை வைத்துவிட்டு, போனில் செய்தி தட்டிவிட்டுப் போய்விடுவாள். நான் அந்தச் செய்தியை எங்கே பார்த்தேன். அன்று ராத்திரி இடுப்பளவு பனி விழுந்துவிட்டது. கடை மூடிக்கிடந்தாலும் லாரிகள் நிற்கிற இடம் முழுவதும் தினமும் பனியைத் தள்ளித்தான் ஆகவேண்டும் என்பது உனக்குத் தெரியும், ஒரு மூலையை விட்டால் இறுகிப் பாறையாகிவிடும், அப்புறம் மெஷின் ஏறாது, ரோட்டில் போகிறவனும் இந்த வீட்டில் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடுவான். காலை ஆறு மணிக்குக் கம்பத்துப் பக்கம் திரும்பினேன், டொப் என்று ஒரு சத்தம், மெஷினின் மூக்குக் குழாயிலிருந்து பனியோடு பச்சையாக என்னவோ பறக்கிறது. தேயிலை! உங்கள் ஊர்த் தேயிலை பத்து மீட்டருக்குத் தூவிக்கிடக்கிறது. அதன் பின்னாலேயே வெள்ளையாக உங்கள் ஊர்க் கருக்கான் இனிப்பு, அப்புறம் கம்பளிப் பனியன் ஒன்று திருகுப் பல்லில் சுற்றிக்கொள்ள, போல்ட் ஒடிந்து மெஷின் நின்றது. மினாகோ பின்னியதாக இருந்தால் சொல், நல்ல உறுதியான பின்னல், மெஷினையே நிறுத்திவிட்டது.

சிரித்துக்கொண்டேதான் பல்லுக்குள்ளிருந்து உருவினேன். ஒரு கவர் பாதியாக வந்தது. அதில் உன் கையெழுத்து. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

எதிர்வீட்டு முடிவெட்டும் தொகிகோ வந்து நின்றாள். "என்ன கன்ஜிண்ணே, மருமக அனுப்புன டீயை ஊருக்கே விருந்து வைக்கிறீங்களா?" என்றாள். கடிதம் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது, ஆனாலும் வாய் மாறுமா, "அந்தப் பொம்பளைகிட்ட வாயைக் கொஞ்சம் அடக்கியிருந்தா வாசலுக்கே வந்து குடுத்துட்டுப் போயிருக்கும்ல" என்றாள். மூன்று நாள் இரண்டு பேரும் அந்தப் பனிக்குவியலை வாளி வாளியாக அள்ளினோம். முதல் நாள் புத்திசாலித்தனமாக சோபா அவிக்கிற அண்டாவில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன், காகிதம் மேலே வந்தது, மை தண்ணீரில் போய்விட்டது. "இது கடுதாசியா, சூப்பா?" என்று தொகிகோ தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அடுப்பில்லாத கூடத்தில் பரப்பி, தானாகக் கரையவிட்டு, அவள் தன் புருவம் பிடுங்குகிற சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாள். மொத்தம் பதினொரு துண்டு. படிக்க முடிவது ஐந்து. ஒன்றில் 'அப்பாவுக்கு', ஒன்றில் 'மினாகோவும்', ஒன்றில் 'மார்ச்', ஒன்றில் 'அன்றைக்கு', கடைசியில் 'இனிமேல்'. அந்த இனிமேலுக்குப் பிறகு காகிதம் இல்லை. "வரேன்னுதாண்ணே எழுதியிருப்பான், மார்ச்சுல வரான்" என்று தொகிகோ சொல்கிறாள். அவளுக்கு எல்லாம் நல்லதாகத்தான் தெரியும், மொட்டை அடித்துவிட்டுக்கூட அழகாயிருக்கு என்பாள். இனிமேல் எழுதமாட்டேன் என்றும் இருக்கலாமே என்றேன். அவள் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள்.

அன்றைக்கு என்பது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம். நீ ஊதுபத்தி ஏற்றும்போது, கல்யாணத்தோடு பெண் வீட்டுக் குடும்பப் பெயரை வாங்கிக்கொண்டவன் நம் வீட்டு ஊதுபத்தியை ஏற்றினால் அது எரியுமா என்று கேட்டேன். சொந்தக்காரர் அத்தனை பேரும் சிரித்தார்கள், அது எனக்கு இனிப்பாக இருந்தது. உன் கை மட்டும் நின்றது. ராத்திரி தங்காமல் கிளம்பிவிட்டாய், நானும் தடுக்கவில்லை. அவள் போன துக்கத்தில் எதையாவது சொல்லி நாலுபேரைச் சிரிக்கவைத்தால் வீடு வீடாக இருக்கும் என்று நினைத்தேன். தப்பு. சிரித்த ஒருத்தரும் அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பெயர் எதுவாக இருந்தாலும் நீ ஏற்றினது எரிந்தது, நான் பார்த்தேன்.

அதனால் மகனே, அந்தக் கடிதத்தைத் திரும்ப எழுது. இப்போது நான் எழுதியதைப் படித்துவிட்டு இளகி மாற்றி எழுதாதே. திட்டியிருந்தால் அந்தத் திட்டையே எழுது, வரமாட்டேன் என்றிருந்தால் அதையே எழுது, எனக்கு நீ அனுப்பினதுதான் வேண்டும். பெட்டியில் வைக்காதே, கையெழுத்துப் போட்டு வாங்குகிற தபாலில் அனுப்பு, குராமொச்சி அம்மாளை வாசலில் நிறுத்தி ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை.

சாம்பல் விழுகிற நாளில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெளியே போ. மினாகோவிடம் பனியனுக்காக மன்னிப்புக் கேட்டேன் என்று சொல், பேன்ட் மட்டும் பின்ன வேண்டாம், மெஷின் தாங்காது. இரண்டு பேரும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் சேர்ந்து இருக்கவேண்டும், உன் அம்மா படத்தின் முன்னால் தினமும் அதைத்தான் கேட்கிறேன். எழுதும்போது நலமா, குளிரா என்றெல்லாம் ஆரம்பிக்காதே, அந்த 'இனிமேல்' என்பதற்குப் பிறகு என்னவென்று முதல் வரியிலேயே எழுதிவிடு.

உன் அப்பன்
கன்ஜி