சடையன் சொன்ன ராஜிநாமா

3 பிப்ரவரி 1959, செவ்வாய்

காலையில் பனி. எதிர்ச் சரிவு வெகுநேரம் தெரியவில்லை. இருமல் பரவாயில்லை, மலைக்காற்று வேண்டும் என்று டாக்டர் இங்கே அனுப்பியது வீண் போகவில்லை. மண்ணெண்ணெய் தீரப் போகிறது. கீழே சந்தவாசல் சந்தைக்குப் போகிறவர்களிடம் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது. நூல் கட்டினேன்.

மாலை களத்தில் சங்கக் கூட்டம். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கடுக்காய் பொறுக்குவதைச் சங்கத்தார் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. தோல் பதனிடுகிறவர்களுக்குக் காய் விற்கும் குத்தகைக்காரர் கூலியைக் கூட்டும் வரை, ஒருவரும் காட்டில் குனிந்து ஒரு காய் எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு. சங்கத்தைத் தொடங்கியவன் சடையன். தலைவனும் அவனே. நேற்று கீழே போய்க் குத்தகைக்காரரைப் பார்த்து வந்தான். மணங்கு எடைக்கு இரண்டணா கூட்டித் தருகிறாராம். ஞாயிறு வரை பொறுப்பாராம். அதற்கு மேல் வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றிவந்து பொறுக்கிக்கொள்வாராம். களத்து நடுவில் நின்று இதைச் சொன்னான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என்னக் கேட்டா, ராஜிநாமா எழுதிப் போட்டுர்லாம்னு தோணுது" என்றான்.

அவன் சொன்னது சமாதானப் பத்திரத்தை. முனிசீப் கோர்ட்டில் ஆயுள் முழுக்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதில் சந்தேகம் வராது. வாதியும் பிரதிவாதியும் ஒத்துப்போய் எழுதிக் கொடுக்கும் காகிதத்துக்கு அதுதான் பெயர். சடையன் தன் நில வழக்கில் அப்படி ஒன்றில் கைநாட்டு வைத்திருக்கிறான். அதை அவனுக்கு வாசித்துக் காட்டியதே நான்.

காசி எழுந்தான். சங்கத்தின் காரியதரிசி. சடையனின் அக்கா மகன். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு, பத்திரிகை படிக்கக் கற்றுக்கொண்டு திரும்பியவன்.

"மாமா ராஜிநாமா பண்றேன்றாரு. தலைவர் பதவி வேணான்றாரு. கேட்டீங்களா எல்லாம்?"

சடையன் வாய் திறந்தபடி நின்றான்.

"மனசு கஷ்டமாத்தான் கீது. ஆனா அவரே சொல்லிட்டப்புறம் நாம புடிச்சி வெக்கலாமா?"

பின்னால் ஒருவர் கை தட்டினார். இன்னொருவர். பிறகு எல்லோரும். "அட, நான் இன்னா சொல்றேன்னா..." என்று சடையன் ஆரம்பித்தது யாருக்கும் கேட்கவில்லை. யாரோ காசி கழுத்தில் சாமந்தி மாலை போட்டார்கள்.

சாமந்தி இங்கே கிடையாது. கீழே சந்தையில் வாங்கினால்தான் உண்டு.

நான் முன் வரிசையில் இருந்தேன். எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அகராதி பார்த்து உறுதி செய்யாமல் பேசக் கூடாது என்று தோன்றியது. நிஜமாகவே அதுதானா காரணம்?

4 பிப்ரவரி, புதன்

அகராதி பார்த்தேன். இரண்டு பொருளும் இருக்கிறது. சமாதானப் பத்திரம் என்றும், பதவியை விடுவதாக எழுதிக் கொடுப்பது என்றும். பத்திரிகைகளில் இப்போது இரண்டாவது மட்டும்தான். சடையன் பத்திரிகை படிப்பதில்லை. காசி கோர்ட்டுப் படி ஏறியதில்லை. ஆகவே காசி உண்மையிலேயே தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். யாரையும் அவசரப்பட்டுச் சந்தேகிக்கக் கூடாது.

ஆனால் அந்தச் சாமந்தி மாலை?

காலை கஞ்சி. ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை. மேலாக எடுத்துப்போட்டு வெயிலில் வைத்தேன்.

ஊற்றுப் பக்கம் இரண்டு பெண்கள்:

"சடையனுக்கு எப்பவோ அலுத்துப்போச்சு. எங்கிட்டயே சொன்னாரு, முடியலன்னு."

"எங்கிட்டயுந்தான். பொங்கலப்போ கால் வலின்னாரே, அத்த இன்னான்னு நெனச்ச?"

நேற்று 'இரண்டணா' என்ற சொல் காதில் விழுந்ததும் இதே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன். ஓர் இரவுக்குள் அது எங்கே போயிற்று? பொய் சொல்கிற முகமே இல்லை. அதுதான் தூக்கிவாரிப் போடுகிறது.

மாலையில் சடையன் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, பதவி போவட்டும். அத்த நான் கேக்கல. ராஜி போவக் கூடாது. எங்க வூட்ல கொஞ்சம் சாமை கீது. பல வூட்ல அதுவும் இல்ல. ஞாயித்துக்கெழம தாண்டிட்டா கீழர்ந்து ஆளுங்கள எறக்கிடுவான். காட்டுல வேற ஆளு பூந்துட்டா அப்பறம் நம்மள எவன் கூப்புடப் போறான்?"

"நீயே எழுந்து சொல்லேன், சடையா."

"நான் வாயத் தொறந்தா பதவி ஆச புடிச்சவன்றாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க படிச்சவரு."

நாளைக்குப் பேசுவதாக ஒப்புக்கொண்டேன்.

5 பிப்ரவரி, வியாழன்

பேச வேண்டியவை:
1. சொல்லின் இரு பொருள்.
2. சடையன் எந்தப் பொருளில் சொன்னான். நில வழக்கு உதாரணம்.
3. இரண்டணா. ஞாயிறு கெடு.
4. காசியைக் குறை சொல்லக் கூடாது (முக்கியம்).

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

கூட்டம் முடிந்து வந்து எழுதுவது: மூன்றாவது வரைக்கும் போகவே இல்லை.

"ராஜிநாமா என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்" என்று ஆரம்பித்தேன். "கொஞ்சம் கத்திச் சொல்லுங்க ஐயா" என்று ஒரு குரல். கத்தினேன். வாதி, பிரதிவாதி என்றதும் கொட்டாவி. ஒருவர் "ஐயா இன்னா சொல்றாரு?" என்று கேட்க, பக்கத்திலிருந்தவர் "நம்ம மேல கேஸ் போடப் போறாராம்" என்றார். சிரிப்பு.

காசி மிகுந்த மரியாதையோடு குறுக்கிட்டான்.

"ஐயாவ நிக்க வெக்காதீங்கப்பா, பாய் போடுங்க. ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க போதும். அன்னிக்கி நீங்க முன்னால குந்தினு இருந்தீங்க. மாமா வாயிலர்ந்து ராஜிநாமான்ற வார்த்த வந்துச்சா, இல்லியா?"

"வந்தது. ஆனால்..."

"வந்துச்சாம்!"

கைதட்டல். 'ஆனால்' என்பதற்குப் பின் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. சாட்சிக் கூண்டில் எத்தனை பேர் இப்படி மாட்டிக்கொண்டதைப் பார்த்தவன் நான். பார்த்து என்ன பயன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். ஒருவர், "அப்போ ஏன் ஐயாகிட்ட போயி மாத்திச் சொல்லச் சொன்னாரு?" இன்னொருவர், "குத்தகக்காரன் வூட்ல காப்பி குடிச்சாராமே." மூன்றாமவர், "வெறும் காப்பியா?" காப்பி சாப்பாடாயிற்று. சாப்பாடு வேட்டி துண்டாயிற்று. வேட்டி துண்டு பணமாயிற்று. என் கண்ணெதிரில், நான் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும்போதே. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன் பேசியவரை நம்பி ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். விளக்கு ஏற்றுவதற்குள் சடையன் குத்தகைக்காரரின் ஆள் ஆகிவிட்டான்.

தீர்மானம்: சடையன் வீட்டோடு யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. முதலில் எழுந்த கை சடையனுடைய மைத்துனன் கை. மற்றவர்கள் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். "ஐயா வெளியூரு, ஐயா தூக்க வேணாம்" என்றான் காசி. அப்பாடா என்றிருந்தது. அந்த 'அப்பாடா'வை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

6 பிப்ரவரி, வெள்ளி

காற்று. ஜன்னல் கொக்கி விட்டுப்போயிற்று. கயிறு போட்டுக் கட்டினேன்.

ஊற்றில் சடையன் மனைவி பொன்னி குடத்தோடு வந்ததும் மற்றவர்கள் அரைக் குடத்தோடு எழுந்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் நின்றாள். அவளையும் மாமியார் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"ரொப்பினு போங்கடி! நான் இன்னா கடிச்சா துன்னப் போறேன்?" என்றாள் பொன்னி.

மத்தியானம் சங்கத்தார் இருவர் வந்து ஒரு புட்டி தேனும் கொய்யாப்பழமும் வைத்தார்கள்.

"நீங்க மட்டும் சாட்சி சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது ஐயா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சடையனுக்கு எதிராகச் சாட்சி சொன்னேனாம்! "இல்லையப்பா, நான் அவனுக்காகத்தான்..." என்றேன்.

"தெரியும் ஐயா. பயந்துக்காதீங்க. சங்கம் கீது."

தேனைத் திருப்பிக் கொடுக்க ஓடினேன். மூச்சு இரைத்தது. பாதையில் ஆள் இல்லை. புட்டி மேசைமேல் இருக்கிறது. பார்க்கச் சகிக்காமல் துண்டு போட்டு மூடியிருக்கிறேன்.

7 பிப்ரவரி, சனி

காய்ச்சல். எழுந்திருக்கவில்லை. மிளகுக் கஷாயம் இருமுறை.

காசி பார்க்க வந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அடுப்பை மூட்டி வெந்நீர் வைத்துக் கொடுத்தான். கெட்டவன் செய்கிற காரியமா இது? குழம்புகிறது.

"மாமா நல்லவருதான் ஐயா. நான் இன்னா அவருக்கு எதிரியா? ஆனா அவரு போனா குத்தகக்காரன் 'வாடா சடையா'ன்னு நிக்க வெச்சே பேசுவான். நான் போனா நாற்காலி போட்டாவணும். அப்புறம், ஒரு சங்கத்துல ரெண்டு பேச்சு கேக்கக் கூடாது. கேட்டா அவன் சிரிப்பான்."

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அன்றைக்கு அந்த மாலை யார் வாங்கி வந்தது?"

"எந்த மால?" என்று சிரித்தான். "நல்லா போத்திக்கினு படுங்க ஐயா."

8 பிப்ரவரி, ஞாயிறு

காய்ச்சல் இறங்கியது. வாய் கசப்பு.

காசி ஆறேழு பேரோடு விடியலில் கீழே போனான். மாலையில் கோஷம். அவனைத் தோளில் தூக்கி வந்தார்கள். குத்தகைக்காரரோடு ஒப்பந்தமாம். சங்கத்துக்கு வெற்றியாம். மணங்குக்கு ஓரணா கூட.

ஓரணா. காது தவறோ என்று ஒருவரை நிறுத்திக் கேட்டேன்.

"ஓரணாதான் ஐயா. போராடி வாங்கினது."

"சடையன் இரண்டணா கொண்டு வந்தானே?"

"அது குத்தகக்காரன் சடையனுக்குக் குடுக்குற லஞ்சம் ஐயா."

எப்படி என்று கேட்பதற்குள் அவர் கோஷத்தோடு போய்விட்டார்.

காகிதத்தை என்னிடம் நீட்டி எல்லோருக்கும் வாசிக்கச் சொன்னார்கள். குத்தகைக்காரரிடம் இருக்கும் குமாஸ்தா என்னைப் போல் பழைய ஆள் போலும். தலைப்பில் கொட்டை எழுத்தில்: ராஜிநாமா. செருமிக்கொண்டு வாசித்தேன்.

"அப்போ காசியும் பதவி வேணான்னுட்டாரா?" என்று ஒரு பெண்குரல். கேலியா, வெகுளியா?

காசி கொஞ்சமும் தயங்கவில்லை. "அது கோர்ட்டு பாஷ. சமாதானம்னு அர்த்தம். ஐயாதான் அன்னிக்கே சொன்னாரே!"

"ஆமா, ஆமா, ரெண்டு அர்த்தம்னாரு." "கேஸு கூட சொன்னாரே." எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. நான் பேசியது ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார்கள்! என்னைப் பார்த்துத் தலையாட்டிக் கைதட்டினார்கள். ஒரே ஒரு முகத்திலாவது சின்ன நெருடல் தெரிகிறதா என்று வரிசையாகப் பார்த்தேன். இல்லை. சடையனின் மைத்துனன் முகத்தில்கூட இல்லை.

9 பிப்ரவரி, திங்கள். பென்சிலில்.

விடியுமுன் மலையே காட்டுக்குள். உலர்ந்து உதிர்ந்து கிடந்த காய், மூன்று வாரத்துக் காய்.

அரிசி ஊறப்போட்டுவிட்டு வாசலுக்கு வந்தால் பொன்னி, தலையில் கூடையோடு. குத்தகைக்காரர் காய் எடை போடும் இடத்தில் அவள் வீட்டுக் காயை வாங்கவில்லையாம். சங்கத்தில் இல்லாதவர் காயை நிறுத்தால் வம்பு என்று தராசுக்காரர் சொல்லிவிட்டாராம்.

"உங்க பேர்ல எட போட்டுக் குடுங்க ஐயா. உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உங்க மேல உசுரா கீறாங்களே."

குத்திச் சொன்னாளா? இருக்கலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

முக்கால் தூரம் அவளே சுமந்தாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்தங்கினாள். தலையில் வைக்கத் தெரியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனேன். "ஐயாவே காய் பொறுக்கக் கெளம்பிட்டாருடா!" என்று சிரித்து வழி விட்டார்கள்.

தராசுக்காரர், "யார் பேருங்க?" என்றார்.

என் பேரைச் சொல்லத்தான் போனேன். "சடையன்" என்றேன். வாய் தவறியதா, தெரியவில்லை.

காசி வந்து என் முழங்கையைப் பிடித்தான். "ஐயாவுக்கு இன்னும் காய்ச்சல் எறங்கல. ஐயா பேர்லயே எழுதிக்கப்பா."

"சடையன் பேரில்" என்றேன். இந்த முறை வாய் தவறவில்லை.

தராசுக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த கூடையைக் கூப்பிட்டார். காசி என் கையை விட்டுவிட்டுப் போனான். நான் நகரவில்லை. தரையில் உட்கார்ந்தேன். தராசுக்குப் பக்கத்தில், கூடையோடு. அங்கிருந்துதான், சட்டைப் பையில் இருந்த நோட்டில், இதை எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயம்.

வரிசையில் வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். காலையில் சிரித்தவர்கள்தான். ஒருவரும் பேசவில்லை. வெயில் ஏறிவிட்டது. இன்னும் எடை போடவில்லை. காசி இரண்டு பேரோடு திரும்ப வருகிறான்