திருப்பி நிமிர்த்திய தகடு

பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ இறந்து ஐந்து மாதமாகிறது. இனி உன் மனம் நோகுமே என்ற கவலையும் எனக்கு இல்லை.

இன்று காலை தாம்பரத்தில் உன் நர்சிங் ஹோமுக்குப் போயிருந்தேன். மழை பிடித்தால் காலில் குடைச்சல். அதே ஸ்பிரிட் வாசனை, அதே மர பெஞ்சு. உன் நாற்காலியில் இப்போது ஓர் இளம் டாக்டர். காலில் கட்டோடு வந்த பெயிண்டர் ஒருவரிடம் அவர் பேசியது திறந்த கதவு வழியே கேட்டது.

"உள்ள பிளேட் வச்சிருக்கு. மூணு மாசம் காலை ஊனவே கூடாது. சிட்லபாக்கத்துல ஒரு வாத்தியார், பெரிய டாக்டரோட ஃபிரெண்டாம். பேச்சைக் கேக்காம நடந்து, பிளேட்டையே முறிச்சுக்கிட்டாரு."

"ஐய, படிச்சவரா சார் அவரு? இன்னா சார் இப்டி பண்ணிக்கினாரு!" பெயிண்டர் சிரித்தார்.

அந்த வாத்தியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இருவருக்கும் தெரியாது. என்னைக் கூப்பிடும் முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கதையை முதலில் சொன்னவன் நீ. எத்தனை பேரிடம் சொன்னாயோ! என் மனைவியிடமும் சொன்னாய். நான் படி இறங்கும்போதெல்லாம் "அன்னிக்கே அவர் சொன்னதைக் கேட்டிருந்தா…" என்று அவள் இன்றும் தொடங்குகிறாள்.

கல்லூரி நாட்களில் ஐந்து வருஷம் ஒரே மின்சார ரயிலில் போனோம். நீ மருத்துவம், நான் உலோகவியல். ஒரு நாள் உன் புத்தகத்தில் படத்தைக் காட்டி, "மச்சான், எலும்போட வளைவுக்கு ஏத்த மாதிரி இந்த ஸ்டீல் தகட்டை வளைச்சு, ஸ்க்ரூ போட்டு முடுக்குவாங்க" என்றாய். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து வளைத்தேன், நிமிர்த்தினேன், மறுபடி வளைத்து இரண்டாக்கிக் காட்டினேன்.

"வளைக்கலாம்டா. திருப்பி நிமித்தினா உள்ளுக்குள்ள செத்துடும். வெளியே மட்டும் பளபளன்னு இருக்கும்."

"போடா, கம்பிக்கெல்லாம் போஸ்ட்மார்ட்டம் பண்றவனே!"

ஏரிக்கரைச் சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தபோது வேறு டாக்டரை நினைக்கவே தோன்றவில்லை. முதுகில் ஊசி போட்டாய். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. கண்ணுக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள். காது மட்டும் நன்றாக வேலை செய்தது.

"ச்சே, ஓவரா வளைஞ்சிடுச்சு. வேற எடுங்க சிஸ்டர்."

"இந்த சைஸ்ல இது ஒண்ணுதான் சார் இருக்கு. சிட்டிக்குத்தான் ஆள் அனுப்பணும்."

"ரத்தத்தை நிறுத்தித் தொடையில கட்டு போட்டிருக்கு. அவ்ளோ நேரம் தாங்காது. நிமித்திக்கலாம்."

இரும்புக் கருவி முனகும் சத்தம். பிறகு துணிக்கு மேலே உன் கண்கள் தெரிந்தன. "என்ன மச்சான், தூங்கிட்டியா?"

கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அறையில் உலோகம் தெரிந்தவன் நான் ஒருவன். சிஸ்டர் முன்னால் உன்னைத் திருத்த நாக்கு எழவில்லை. என் காலும் அப்போது உன் கையில் இருந்தது.

பதினோராவது வாரம் தகடு முறிந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். நடு ஓட்டையில் முறிவு.

"ஊனினியா?"

"இல்ல."

"ஊனாம எப்படிடா முறியும்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, என் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். அந்த ஒரு தலையாட்டலில் என் பேச்சு செல்லாமல் போயிற்று.

மறுபடி அறுத்தாய். கால் ஓர் அங்குலம் குறைந்தது. உடைந்த ஸ்க்ரூ ஒன்றின் நுனி எலும்பிலேயே தங்கிவிட்டது. பட்டறையில் நின்று பாடம் நடத்திய என்னைக் கல்லூரியில் ஓர் அலுவலக மூலைக்கு மாற்றினார்கள். "அந்தத் தகட்டைக் குடுடா, லேப்ல பாக்கறேன்" என்று கேட்டேன். "தூக்கிப் போட்டாச்சு" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்து, என் காலை மடியில் வைத்து நீயே நீவிவிட்டாய். அது நட்பா, பயமா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இப்போது என் பங்கு. நான் ஊன்றினேன். பத்தாவது வாரம், குளியலறையில் வழுக்கியபோது, ஒரே ஒரு தடவை, முழு உடம்பையும் அந்தக் காலில் தாங்கினேன். என் மனைவிக்கும் தெரியாது. நல்ல தகடாக இருந்தால் தாங்கியிருக்குமா? அந்தத் துண்டுகள் இல்லாமல் என் படிப்பு அதற்குப் பதில் சொல்லாது. உன் மேல் கோபம் மட்டும் குறையவே இல்லை.

இந்த மடலை அந்த இளம் டாக்டருக்குத்தான் அனுப்புகிறேன். கதையைச் சொல்வதானால் முழுதாகச் சொல்லட்டும். கத்தியை எடுக்கும் முன், அதே அளவில் இன்னொரு தகடு அலமாரியில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

கையெழுத்துப் போட்டால் குளியலறை விஷயமும் என் வீடு வந்து சேரும். உன்னைப் பற்றிச் சொல்லவே எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. என்னைப் பற்றி அவளிடம் சொல்ல இன்னும் துணிவு வரவில்லை. பெயர் எழுதாமல்தான் நாளை இதைத் தபாலில் போடப்போகிறேன்.