மடக்கிய விரல்

டூங்கபி
16.08.2024

அன்புள்ள நிரூபாவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் உமக்குச் சந்தோசமாக இருக்கும். ஆகவே இரண்டையும் விடுகிறேன். வட்ஸ்அப்பில் என்னை அடைத்துப்போட்டீர். போன் அடித்தாலும் எடுக்கிறீர் இல்லை. கலியாணம் பேசின காலத்தில் எழுதின மாதிரிப் பேப்பரும் பேனையுமாகக் குந்தியிருக்கிறேன்.

சோறு அடிப்பிடித்து, குசினியில் புகைமணி அலறி, பக்கத்து வீட்டு வைதேகி மாமி வேலியால் எட்டி, "என்னப்பா, ஏதாவது ஹெல்ப் வேணுமா?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். வென்ட்வேர்த்விலில் எங்கள் கண்ணாடிக்கடையில் கண் காட்ட வருகிறவர்கள் எல்லாரும் உம்மைத்தான் கேட்கிறார்கள். மெல்பேர்ணில் அக்காவுக்குச் சுகமில்லை, பார்க்கப் போய்விட்டா என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்படிப் பொய் சொன்னதுக்கு ராகவி அக்காவைக் கோபிக்க வேண்டாமென்று சொல்லும்.

நான் என்ன கொலையா செய்தேன்? இரண்டு பேரும் லீவு போட்டு, பாசை தெரியாத அந்தத் தீவுக்குப் போய், வெயிலிலும் நுளம்புக்கடியிலும் கிடந்து சனத்துக்குக் கண் பார்த்தோம். தமிழ்ச் சங்க விருந்தில் அந்தப் பயணத்தின் வீடியோ ஓடியபோது மண்டபமே எழும்பிக் கை தட்டியது. நீர் மட்டும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனீர். தலைவர் சச்சிதானந்தன் அங்கிள் "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்க, நான் பேயன் மாதிரி முழித்தேன். விடிந்து பார்த்தால் நீர் வீட்டில் இல்லை.

செப்ரெம்பர் 14 சனிக்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்துகிறார்கள். அன்றைக்கும் அதே வீடியோதான். அடுத்த வருடப் பயணத்துக்கு ஆட்கள் சேர்வதும் அன்றைக்குத்தான். மேடையில் உம்முடைய கதிரை வெறுமையாகக் கிடந்தால் சனத்தின் வாயை யார் மூடுவது? வந்து சேரும், நிரூபா.

உம்முடைய
அருந்தவன்


கிரெய்கிபர்ன்
21.08.2024

இஞ்சாருங்கோ,

கடிதம் எழுதினது நல்லது. போனில் என்றால் என்னைக் கதைக்க விடமாட்டீர்கள். இதில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது.

என்ன பிழை என்று தெரியாத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தெரியும் உங்களுக்கு. என்றாலும் சொல்கிறேன்.

தீவில் போதகர் எங்களுக்குத் தேவாலய மண்டபத்தைத் தந்தார், சாப்பாடு தந்தார். அவருடைய அக்காதான் மிரியாம் அன்ரி. ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மற்றக் கண்ணில் புரை. நான் நாலு பக்கமும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். காதுப் பக்கத்து வெளிச்சம் மட்டும்தான் அவவுக்குப் பிடிபட்டது. கண்ணைத் தொட்டால் கல்லு மாதிரி இறுக்கம். உங்களிடம் வந்து, "இதிலை கை வைக்கக் கூடாது. அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு. புரையை எடுத்தாலும் பார்வை வராது, இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போயிடும்" என்று சொன்னேனா இல்லையா?

"போதகரின்ர அக்கா, நிரூபா. என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?" என்றீர்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எங்களோடு வந்த கண் ஒப்பரேசன் சேர்ஜனிடம் போய், "நிரூபா பார்த்திட்டா, செய்யலாமாம்" என்று சொன்னீர்கள். அவருக்கு ஒவ்வொருவரையும் திருப்பிச் சோதிக்க நேரமில்லை. நாங்கள் அனுப்புகிற கண்ணை நம்பித்தான் அந்த மனுசன் கத்தி எடுக்கிறார். நான் மண்டபத்தில் கண்ணாடி கொடுத்துக்கொண்டு நின்றேன். மிரியாம் அன்ரி கண்ணில் கட்டோடு வெளியே வந்தபோதுதான் எனக்கு விசயம் தெரியும்.

அடுத்த நாள் கட்டவிழ்க்கும்போது நீங்கள் மூன்று விரல் காட்டினீர்கள். "எத்தனை?" அவ "இரண்டு" என்றா. நீங்கள் ஒரு விரலை மடக்கிப்போட்டு, கமராவைப் பார்த்துச் சிரித்தீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பஞ்சும் சொட்டுமருந்தும் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பின்னேரம் பாசை சொல்ல நேர்ஸ் ரூத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போய், அவவின் காதுப் பக்கமாக டோர்ச் அடித்தேன். டோர்ச் எரிந்துகொண்டிருக்க, "இன்னும் லைற் போடேல்லையா பிள்ளை?" என்று கேட்டா. முந்தி வெளிச்சத்தைப் பிடித்துத் தானாக வாசல்வரை போகிற மனுசி அது. இப்போது இருத்தின இடத்தில் இருக்கிறா. திரும்பி வரும் வள்ளத்தில் இதை உங்களுக்குச் சொன்னேன். "ஒராளுக்குத்தானே" என்றீர்கள்.

அந்த விருந்தில் நான் வெளியே போகாமல் வேறென்ன செய்ய?

நிரூபா


டூங்கபி
26.08.2024

அன்புள்ள நிரூபாவுக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. நான் கல்நெஞ்சன் இல்லை.

ஆனால் நீரும் நியாயமாய் யோசியும். மற்ற ஆட்கள் எல்லாருக்கும் பார்வை வந்ததே, அதைப் பற்றி ஒரு வரி எழுதினீரா? தன் பேரப்பிள்ளையின் முகத்தை முதன்முதல் பார்த்த அந்தக் கிழவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதது உமக்கு மறந்துபோச்சா? மிரியாம் அன்ரி விசயத்தில், அவவே தெரியுது என்று சொன்னா. நான் அவவின் வாய்க்குள் சொல்லைத் திணித்தேனா? விரல் மடங்கினது உண்மை. காலையிலிருந்து வேலை செய்த கை, களைத்துப்போச்சு. கமரா ஓடுகிறது, போதகர் நிற்கிறார், முழு ஊரும் நிற்கிறது. அந்த இடத்தில் "இல்லை, பிழை" என்று சொல்லி அந்த மனுசியின் முகத்தை வாட வைக்கவா?

சேர்ஜனுக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் எங்களோடு வருவாரா? பயணமே படுத்துவிடும். அங்கே வரிசையில் காத்திருக்கிற சனத்துக்கு நீர் என்ன பதில் சொல்வீர்? ஒரு கண்ணுக்காக ஒரு ஊரின் கண்ணைக் கெடுக்காதையும்.

அதைவிட ஒன்று. அத்தனை பேருக்கு முன்னால் எழும்பிப் போனீரே, அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருக்காலாவது நினைத்தீரா? ஆற அமர யோசியும்.

அன்புடன்
அருந்தவன்


கிரெய்கிபர்ன்
31.08.2024

இஞ்சாருங்கோ,

களைத்த கை என்றால் அஞ்சு விரலும் சேர்ந்துதான் மடங்கும். சரி, அதை விடுவோம். சண்டை பிடித்தும் களைத்துப்போனேன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு உங்களோடு இருக்கத்தான் விருப்பம். அக்கா நல்லாகத்தான் பார்க்கிறா, ஆனாலும் அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் எத்தனை நாளைக்குப் படுப்பது? நீங்கள் செய்த நல்லதும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கிழவன் அழுதபோது நானும்தான் அழுதேன்.

இரண்டே இரண்டு காரியம் செய்யுங்கோ. மிரியாம் அன்ரியின் காட்சியை வீடியோவிலிருந்து எடுத்துவிடுங்கோ. சேர்ஜனைக் கூப்பிட்டு, "நிரூபா வேண்டாமெண்டுதான் சொன்னவ, நான்தான் மாத்திச் சொன்னனான்" என்று ஒரு வசனம் சொல்லுங்கோ. சங்கத்துக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். மேடையில் அறிவிக்கவும் வேண்டாம். இது நடந்தால் விழாவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமையே வந்துவிடுவேன். பக்கத்துக் கதிரையில் இருப்பேன், பொன்னாடையும் போர்ப்பேன், அடுத்த வருடம் தீவுக்கும் வருவேன்.

என் பெயரைச் சொல்லித்தானே அந்தக் கண்ணை வெட்டினது? அந்தப் பெயரை எனக்குத் திருப்பித் தாருங்கோ. வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள்
நிரூபா


டூங்கபி
05.09.2024

என்ர நிரூபா,

நீர் வென்றுவிட்டீர்! பிடிவாதக்காரி! கடிதம் கிடைத்த அன்றே சங்கத்துக்கு வீடியோ வெட்டிக் கொடுக்கிற ப்ரீத்தியைக் கூப்பிட்டு இருத்தி வைத்து வேலையை முடித்துவிட்டேன்.

அந்தக் காட்சியில் உம்முடைய முகம் வருகிற இடமெல்லாம் எடுத்தாச்சு. விசயம் ஒன்றும் தெரியாத பிள்ளை, அவளே சொல்கிறாள்: "ஆமா அங்கிள், ஆன்ட்டி முகத்தைப் பார்த்தாத்தான் ஏதோ தப்பு நடந்த மாதிரி இருக்கு. அதை எடுத்துட்டா சூப்பரா வந்துடும்." உண்மைதான், இப்போது நல்ல துப்புரவாக இருக்கிறது. மிரியாம் அன்ரியும் என் கையும் மட்டும்தான். இனி யாரும் உம்மை நோக்கி விரல் நீட்ட முடியாது. அந்தக் காட்சியை முழுதாய் எடுத்தால் வீடியோவில் மிஞ்சுவது வரிசையும் கண்ணாடிப் பெட்டியும்தான், அதைப் பார்த்து யார் வருவான்?

சேர்ஜன் விசயம் இனித் தேவையில்லைத்தானே. அந்த இடத்தில் நீரே இல்லையென்றால் உம்முடைய பெயர் எங்கே வரப்போகுது?

வெள்ளிக்கிழமை பின்னேரப் பிளேனுக்கு ரிக்கற் போட்டு அக்காவின் ஈமெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். எயார்போட்டில் நிற்பேன். நீலக் காஞ்சிபுரத்தை மறக்காமல் கொண்டு வாரும், மேடை வெளிச்சத்துக்கு எடுப்பாக இருக்கும். நல்ல மீன் வாங்கிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நீர் வந்துதான் குழம்பு.

ஆசையோடு
அருந்தவன்


கிரெய்கிபர்ன்
10.09.2024

அருந்தவன்,

நான் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை, பிறகும் இல்லை. என் உடுப்புகளையும் சேர்ட்டிபிக்கற்றுகளையும் எடுக்க அக்காவின் மனுசன் வருவார். அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். நீங்கள் என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்டதைச் செய்துவிட்டதாகவே உண்மையாக நம்புகிறீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சேர்ஜனுக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அருந்தவனோடை கதைக்கிறன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். உங்களுக்குப் போன் வரும்.

பிறகு தீவுக்கு எடுத்தேன். மிரியாம் அன்ரிக்குப் பக்கத்தில் நேர்ஸ் ரூத் இருந்து நான் சொல்வதை அவவின் பாசையில் சொல்லிக்கொண்டு வந்தா. அந்தக் கண்ணில் கை வைத்திருக்கக் கூடாது, அது எனக்கு முதலே தெரியும், பிழை முழுக்க எங்கள் பக்கம், இனி அந்த வெளிச்சம் திரும்பி வராது என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அழுவா, ஏசுவா என்று நினைத்தேன். மனுசி தன் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"உம்முடைய மனுசனுக்கு இது தெரியாதுதானே?" என்று கேட்டா. "சொல்லிப்போடாதையும் பிள்ளை. அண்டைக்கு விரலைக் காட்டிக் கேக்கேக்கை அவற்ர குரலிலை எவ்வளவு ஆசை! தெரியேல்லை எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. அதுதான் வாய்க்கு வந்ததைச் சொன்னனான். இப்ப தெரிஞ்சால் அந்த மனுசன் உடைஞ்சுபோகும்."

அவருக்குத் தெரியும் என்று சொன்னேன். அன்றைக்கு, அந்த நிமிசமே தெரியும் என்றும் சொன்னேன்.

ரூத் அதையும் அவவுக்குச் சொன்னா. பிறகு ரூத் மட்டும்தான் போனுக்கு வந்தா. அன்ரி எழும்பிப் போக வேணும் என்கிறா, கை பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேணும் என்று சொல்லிப் போனை வைத்தா.

நிரூபா