ஜெசிந்தாவின் ஞாயிற்றுக்கிழமை பேட்ச்

ஏங்க, ஆறு மணிக்கு சேதராப்பட்டு கம்பெனி வேன் வந்துவிடும். கிளம்புகிறேன். நேற்று நீங்கள் கோபத்தில் தொடாத மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

ஏழு மணிக்கு ஜெசிந்தாவுக்குப் புது மருந்து பேட்ச் ஒட்டுங்கள். நேற்று வலது இடுப்பு, இன்று இடது. ஈரம் போகத் துடைத்து, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்த வேண்டும். நாலு மணிக்கு உரித்துவிடுங்கள்.

நேற்று அவள் இடுப்பிலிருந்து காணாமல் போன பேட்ச் கிடைத்துவிட்டது. "புள்ளைய வச்சி மருந்து சோதிக்கிறது புடிக்காம நீங்கதான் பிச்சிப் போட்டீங்க" என்று கத்தினேனே, அது தப்பு. விடியற்காலை குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. என் முதுகில், ரவிக்கைக்குக் கீழே! நேற்று மதியம் நான் தூங்கியபோது ஜெசிந்தாதான் ஒட்டியிருக்கிறாள். எழுப்பிக் கேட்டேன்.

"நீதாம்மா எப்பவும் கத்திகினே இருக்க. ஒனக்குத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிள்ளைகளின் கவனம் ஓரிடத்தில் நிற்கிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் பட்டை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களே. நேற்று அதை முதுகில் வைத்துக்கொண்டே நான் கத்தியதைப் பார்த்தால் நமக்கு வந்தது வெறும் பட்டைதான். சிரிக்காதீர்கள். டீ நேரத்தில் டாக்டருக்குப் போன் செய்து நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ஜோஸ்பின்

ஒன்று மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரி ஃபாரத்தில் 'பிள்ளையிடம் என்ன மாற்றம்?' என்ற கட்டத்தை இப்போது நிரப்ப வேண்டாம். முதலில் நான் ஒரு வாரம் கத்தாமல் இருந்து பார்க்கிறேன்.