குழிப் பைப்பு

1978 மே 3, புதன்

புழுக்கம். சட்டை போட முடியவில்லை. எங்கள் சந்துக்குப் பைப்பு வந்து பத்து நாள். கொச்சி மட்டாஞ்சேரியில் கடைசிப் பைப்பு இதுவாகத்தான் இருக்கும். இதுவரை கிணற்று உப்புத் தண்ணீர். இல்லாவிட்டால் கடைவீதிப் பைப்பில் சண்டை போட்டு இரண்டு குடம்.

மாறினது:
சோப்பு நுரைக்கிறது.
சோறு வெள்ளையாக இருக்கிறது.
அம்மா மிளகுக் கிடங்கு வேலைக்கு நேரத்துக்குப் போகிறாள். மேஸ்திரியிடம் ஏச்சு இல்லை.
தண்ணீர் காய்ச்சுவதில்லை. முன்பு சீரகம் போட்டுக் கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டு வாயில் வைக்க மாட்டோம். இப்போது அம்மா, "பைப்புத் தண்ணிய எவளாவது காய்ச்சுவாளா? வெறகு மிச்சம்."

செல்வி அக்கா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அத்தானுக்குக் களமசேரி பாக்டரியில் வேலை, லைன் வீடு. அனுப்ப மனசில்லை அவருக்கு. "அங்க தண்ணி ஆகாதே அத்த."

"அது அப்ப மாப்ளே. இப்ப வாசல்லயே பைப்பு. தேச்சுக் குளிச்சிக்கிட்டு ராணியா இருப்பா."

மே 7, ஞாயிறு

அக்கா வந்தாச்சு. ஏழு மாசம். முகம் வீங்கியிருக்கிறது, வாய் மட்டும் பழைய வாய். "என்னலே, பள்ளிக்கூடந்தான் போகல, தாடியாவது எடுக்கப்படாதா?"

பைப்பில் தண்ணீர் நூலாக வருகிறது. முன்வீடுகளே இழுத்துக்கொள்கின்றன. ஒரு குடத்துக்கு அரை மணி நேரம். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. மற்றச் சந்துகளில் எல்லாம் பைப்பைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். தாழ்த்தினால் வேகம் வரும். மண் வெட்டும் தூம்பாவும் இரும்பு ரம்பமும் இரவல் வாங்கினேன். இடுப்பளவு குழி வெட்டி, அடியில் வைத்துப் பைப்பை அறுத்தேன். குபுகுபுவென்று வந்தது. வாய்க்கு ஒரு கட்டை அடைப்பு.

பக்கத்து வீட்டு ஆமினா உம்மா கை தட்டினார். "மிடுக்கன்! பத்தாங் கிளாஸ் தோத்தாலென்ன, செறுக்கனுக்கு புத்தியுண்டு!"

பள்ளியை விட்ட பிறகு என்னை ஒருவர் மெச்சியது இதுதான் முதல் தடவை. கை கொப்புளம். பரவாயில்லை.

ஜூன் 8, வியாழன்

மழை, மழை. ஓடை பொங்கிச் சந்தெல்லாம் கறுப்புத் தண்ணீர். இப்போது கொஞ்சம் வெறித்திருக்கிறது. குழி நிறைந்து பைப்பு வாய் முழுகிக் கிடந்தது. அடைப்புக் கட்டையை யாரோ தொலைத்தாச்சு. கோரிக் கொட்டலாம் என்று வாளியோடு போனேன். சப்ளை நிற்கும் நேரம். ளொக் ளொக் என்று ஒரு சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழித் தண்ணீர் இறங்குகிறது. தானாகவே வற்றிவிட்டது. எனக்கு வேலை மிச்சம். உம்மாவிடம் சொன்னேன். சிரித்தார்.

சாயங்காலம் தண்ணீர் வந்தபோது முதல் குடம் கலங்கல். கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடித்தார்கள்.

அக்கா சொம்பு சொம்பாகக் குடிக்கிறாள். மாங்காய், உப்பு, தண்ணீர். நாள் முழுக்க இதுதான். "பையன் பொறந்தா ஒம் பேரு வைப்பேன்னு நெனைக்காத. பைப்புன்னுதான் வைப்பேன். அதான் ஒழுங்கா வேல செய்யிது."

ஜூன் 27, செவ்வாய்

நாலு நாளாக அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வாந்தி. இன்று பார்த்தால் கண் மஞ்சள். அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். கண்ணு பட்டுப்போச்சாம். நான் கத்தின பிறகுதான் கிளம்பினாள். போட்டில் எர்ணாகுளம் ஆஸ்பத்திரி. அக்கா என் தோளில் சாய்ந்து, "காயல் ஏம்லே மஞ்சளா இருக்கு?" என்றாள்.

டாக்டரம்மா அக்காவைப் படுக்கவைத்துவிட்டு என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"வீட்டில எந்து வெள்ளம்?"

"பைப்பு."

"குழிக்குள்ள நிக்கிற பைப்பா?"

நான் தலையாட்டினேன்.

"சப்ளை நிக்கும்போ, குழியில கெடக்கிற அழுக்க பைப்பு உள்ள வலிச்செடுக்கும், உறிஞ்சும். பின்ன அதத்தான் நீங்க குடிக்கும். கர்ப்பிணிக்கு மஞ்சக்காமாலை வந்தா..."

ளொக் ளொக். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாளியோடு நின்றேன். வேலை மிச்சம் என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஜூலை 1, சனி

குழந்தை செத்துப் பிறந்தது. பையன். அக்காவுக்கு நினைவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இமை அசைகிறது.

ஜூலை 2, ஞாயிறு

அக்கா போய்விட்டாள். காலை.

அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. அத்தான் அக்காவின் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு களமசேரி போய்விட்டார்.

இன்று காலை ஆமினா உம்மாவின் சின்ன மகள் சுபைதா ஓடையோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தேன். தூம்பாவை எடுத்தேன். பட்டப்பகலில் குழிக்குள் மண், உடைந்த ஓடு, கல், கையில் கிடைத்ததெல்லாம் தள்ளினேன். அந்நேரம் குடங்களோடு பெண்கள் வந்துவிட்டார்கள்.

"என்ன செய்யிற? வெள்ளத்துக்கு உங்கப்பன் வருவானா?"

"இந்தத் தண்ணி வேணாம். இதுலதான் அக்கா செத்தா. குழிச் சாக்கடையப் பைப்பு உறிஞ்சுது. வெட்டுனது நாந்தான்."

சொல்லிவிட்டேன்.

பிறகு உம்மா என் கையிலிருந்த தூம்பாவை மெதுவாக வாங்கினார். "பாவம், அக்கா மரிச்ச சங்கடம். புத்தி கலங்கி பிராந்து பேசுது."

"காய்ச்சியாவது குடிங்க உம்மா. சுபைதாவுக்காவது."

"பெருமழையில நனஞ்ச வெறகு. நீ வந்து ஊதித் தருவியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அம்மா வாசலில் நின்றாள். அவளாவது நம்புவாள் என்று நினைத்தேன். கிட்டே வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அப்ப நாந்தான் எங்கையால எடுத்து எடுத்துக் குடுத்தேனா? இன்னொரு தடவ இத வாயில எடுத்தேன்னா இந்த வீட்டுப் படி ஏறாதலே."

நான் கப்பலண்டி முக்குப் பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்பி வந்தேன். குழியை மறுபடி தோண்டியிருந்தார்கள். முன்னைவிட ஆழமாக. தண்ணீர் நல்ல வேகம். வரிசையில் முதல் குடம் அம்மாவுடையது.