கண் திறந்த நான்கு வினாடி

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

இங்கே ஒரு பாட்டுக்குக் கம்ப்யூட்டரில் கனவு மாதிரி படம் செய்தோம். பாடிய பையன் கண்ணை மூடியபடி கட்டடங்களுக்கு மேலே மிதந்து போவான். பாட்டைப் பதிவு செய்த மறுவாரமே அவன் விபத்தில் போய்விட்டான். அதனால் முகம்கூட எங்கள் கைவேலைதான்.

போன மாதம் அவனுடைய அப்பா ஆபீசுக்கு வந்தார். என் திரையைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தாம்மா மூடியிருந்தான். ஒரே ஒரு தடவை முழிக்க வைக்க முடியுமா?" என்றார். "இடது கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கும்" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான்கு வினாடி செய்தேன். "அவனேதான்" என்று எழுந்து போனார்.

இயக்குநரோ, "கனவு கலைஞ்சிடுது, தூக்கிடு" என்றார். தூக்கிவிட்டேன். பெரியவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று பாட்டு வெளியானது. பெரியவர் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்தாராம். "கடைசி வரைக்கும் முழிக்கவே இல்லையேம்மா" என்று போனில் கேட்டார். அந்த நான்கு வினாடியை மட்டும் அவருக்கு அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

வேறொன்றுமில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன். உங்கள் முகத்தை வரைந்து பார்த்தேன். உங்கள் தழும்பு எந்தப் புருவத்தில் என்று நினைவில்லை. வரைந்ததை அம்மாவிடம் சொல்லாதீர்கள். மேனேஜர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உங்கள் சின்னக்குட்டி