கால்களுக்கு ரசனை கிடையாது

மார்ச் 3

சமையலறை வாசலில் கால் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. கூடத்தில் நன்றாகத்தான் நடந்து வந்தேன். நிலைப்படியைக் கண்டதும் இரண்டு பாதங்களும் பசை தடவியதுபோல் நின்றுவிட்டன. கையில் காலிக் கோப்பை. உள்ளே மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, உள்ள வரலாமா வேண்டாமான்னு யோசனையா?"

"வரணும்னுதான் நிக்கிறேன்."

அவளே வந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். பார்க்கின்சன் வந்து இது மூன்றாவது வருடம். கை நடுக்கத்தைச் சட்டைப்பைக்குள் மறைத்துவிடலாம். இதை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

மார்ச் 6

மகளுக்கு அடுத்த மாதம் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட வேண்டும். மாப்பிள்ளை வந்திருந்தான். தங்கமான பையன், அதுதான் சிக்கலே.

"மாமா, அன்னிக்கு ஒரு வீல்சேர் ஏற்பாடு பண்ணிடட்டுமா? அந்த ஆபீஸ்ல எங்க பார்த்தாலும் கதவு."

சுருக்கென்றது. "நடந்தே வருவேன்" என்றேன். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். ஒருவரும் நம்பவில்லை.

குழந்தையாக அவள் முதல் அடி எடுத்து வைத்தது என்னைப் பார்த்துத்தான். அவள் கல்யாணத்துக்கு நான் உருண்டு போவதா? முடியாது.

மார்ச் 10

பிசியோ சிகிச்சை கொடுக்க வரும் பெண் இன்று ஒரு வழி சொன்னாள்.

"மூளை காலுக்கு அனுப்புற உத்தரவு பாதியில மாட்டிக்குது சார். தாளம் காதுல விழுந்தா அது வேற வழியா போய்ச் சேர்ந்துடும். உங்களுக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டு நடந்து பாருங்க."

யாரிடம் சொல்கிறாள்? வானொலி நிலையத்தில் எந்தப் பாட்டு ஒலிபரப்பத் தகுந்தது என்று காலமெல்லாம் தீர்ப்புச் சொன்னவன் நான். 'தரமில்லை' என்று ஒரு வார்த்தை எழுதினால் அந்த ஒலிநாடா வந்த வழியே திரும்பிவிடும். இசை மனதுக்கு மருந்து என்று ஒலிவாங்கி முன்னால் எத்தனை உரை. உடம்புக்கும் அதே மருந்துதான் என்றால், அலமாரி நிறைய வைத்திருக்கிறேன்.

மார்ச் 11

வீணை. மனம் உருகியது. கால் அசையவில்லை.

மார்ச் 12

புல்லாங்குழல். கண்ணில் நீர்கூட வந்தது. கால்? ம்ஹூம்.

மார்ச் 14

'தாளம்தானே கேட்டாய், இந்தா' என்று மிருதங்கத்தைப் போட்டேன். நடுவில் வந்த தாளக் கணக்கு அத்தனை அழகு. காலும் கணக்குப் போடப் போய்த் தடுக்கிவிட்டது. நாற்காலி கைக்கு எட்டியதால் பிழைத்தேன்.

மார்ச் 17

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்ல?

காலையில் வாசற்கதவருகே ஒட்டிக்கொண்டு நின்றேன். தெருமுனையில் குப்பை வண்டி வந்தது. அதன் ஒலிபெருக்கியில் ஒரு மணி மெட்டு உண்டு — டிங் டிடிங் டிங், டிங் டிடிங் டிங் — முடிவே கிடையாது. அதைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவன் நான். இன்று பொத்துவதற்குள் வலது கால் எழும்பியது. பின்னாலேயே இடது. கதவைத் தாண்டினேன், படி இறங்கினேன், தெருவுக்கு வந்துவிட்டேன். அப்படியொரு கம்பீரம். வண்டி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். நம் தெரு முடிந்து அடுத்த தெருவும் முடிந்தது. மருந்துக்கடை முன்னால் ஓட்டுநர் சத்தத்தை நிறுத்தினார். நானும் அங்கேயே நட்ட கம்பமாக நின்றேன்.

"சார், குப்பை எங்க?"

கையைப் பார்த்தேன். "இல்ல... சும்மாதான் வந்தேன்."

மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இத்தனை வருஷமா நான் கூப்பிட்டா வராத ஆளு. குப்பை வண்டி கூப்பிட்டா ஓடுறீங்களே."

மார்ச் 19

பிசியோ பெண்ணுக்கு ஒரே குஷி. வண்டி வரும்வரை காத்திருந்து அந்த மெட்டைக் கைபேசியில் பதிவுசெய்து தந்தாள். அதே நடையில் கொஞ்சம் கௌரவமான இசை கிடைக்காதா என்று கெஞ்சினேன்.

"கால் தேர்வு பண்ணிடுச்சு சார். நாம என்ன பண்றது?"

கால்களுக்கு ரசனை கிடையாது. இத்தனை காலம் இவற்றின் மேல்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 28

கைபேசியின் ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, அந்த மணி மெட்டோடு எல்லா வாசலையும் தாண்டுகிறேன். இரவு நன்றாகத் தூங்குகிறேன், பசிக்கிறது, எரிச்சல்கூடக் குறைந்திருக்கிறது. மகள் பார்த்து அசந்துபோனாள். "என்னப்பா கேக்கிறீங்க?"

"வீணை" என்றேன்.

மனைவிக்குப் புரையேறியது.

ஏப்ரல் 5

மகள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாளாம், அப்பா வீணை கேட்டே நடக்கிறார் என்று. மாப்பிள்ளையின் அம்மாவும் வீணை வாங்கப்போகிறாராம், முழங்கால் வலிக்கு.

ஏப்ரல் 18

காலையிலிருந்து பதற்றம். ஒத்திகை, மறுபடி ஒத்திகை. விடாமல் கைபேசியை ஓட்டியதில், பதிவாளர் அறை வாசலுக்கு நான் வந்து சேர்ந்தபோது அது உயிரை விட்டுவிட்டது. நிலைப்படி. கால் ஒட்டிக்கொண்டது.

உள்ளே பதிவாளர் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பின்னால் அடுத்த ஜோடியின் கூட்டம். மாப்பிள்ளை கீழே ஓடினான். காரில் வீல்சேரை எடுத்துவந்திருக்கிறான், பாவி.

"அப்பா, பதறாதீங்க. என் போன்ல போடுறேன்" என்று மகள் வீணையைப் போட்டாள். நல்ல வாசிப்பு. அலுவலகமே அமைதியாகிவிட்டது. எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். அது அசையவில்லை. மகளின் முகம் வாடியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போதும்டா உன் கௌரவம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

"டிங் டிடிங் டிங்..."

குரல் தகர டப்பா மாதிரி. வலது கால் எழும்பியது. மூச்சு வாங்கியபோது பின்னாலிருந்து மனைவி பிடித்துக்கொண்டாள், "டிங் டிடிங் டிங்". இருவருமாகப் பாடிக்கொண்டே மேசைவரை போனோம். நடைக்கோடியிலிருந்து துப்புரவு அம்மா இரண்டு குப்பைக் கூடைகளோடு ஓடிவந்து, "வண்டி இன்னிக்கு மாடிக்கே வந்துடுச்சா?" என்றாள்.

கையெழுத்து கோணல். ஆனால் நின்றுகொண்டு போட்டது.

மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். பிறகு அழவும் செய்தாள். நானும்தான். வீல்சேரில் பூச்செண்டுகளையும் பைகளையும் ஏற்றி மாப்பிள்ளை தள்ளிக்கொண்டு போனான்.

ஏப்ரல் 19

மாப்பிள்ளையின் அம்மா பேசினார். வீணை வாங்கவில்லையாம். அந்த இன்னொன்றை அனுப்பச் சொன்னார்.

மே 4

காலையில் பெரிய சண்டை. குப்பை வண்டிக் கதையை மனைவி பக்கத்து வீட்டில் அபிநயத்தோடு சொல்லியிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம். சாப்பிட வரமாட்டேன், எத்தனை தரம் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கூப்பிடவே இல்லை. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, யாருக்கோ பாடுவதுபோல, டிங் டிடிங் டிங்.

கோபம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. நான் மட்டும் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.